முதல் ஒரு மணி நேரம்

பல மையங்களின் பணியாளர்கள் கூடும் மாதாந்திர செக்டார் கூட்டத்துக்குப் போய்வந்த அங்கன்வாடிப் பணியாளரிடம் என்ன பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிவேடு, போஷண் டிராக்கர் செயலி, சத்துமாவு இருப்பு, எடைக் கணக்கு என்பார். எல்லாம் தேவையானவைதான். ஆனால், மூன்று வயதுக் குழந்தை ஒன்று பத்து நாளாக அம்மாவின் முந்தானையை விடாமல் வாசலிலேயே அழுகிறதே, அதற்கு என்ன வழி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கேட்டால் வழி கிடைக்கும். அழும் பிள்ளையை உள்ளே இழுக்காமல், வாசற்படியிலேயே முறத்தில் புளியங்கொட்டையைக் கொட்டி, பெரிசு சிறிசாகப் பிரிக்க உட்கார்ந்துவிடும் அங்கன்வாடி உதவியாளர்கள் இருக்கிறார்கள். சற்று நேரத்தில் முந்தானையைப் பிடித்த கை கொட்டை பொறுக்க வரும். மறுநாள் முறம் ஓரடி உள்ளே நகரும். ஊர் ‘ஆயா’ என்றழைக்கும் அந்தப் பெண்ணின் கைப்பக்குவம் பக்கத்து ஊர் மையத்துக்குக்கூடப் போய்ச் சேருவதில்லை. கூட்டத்தில் சொன்னால், “வாயில் போட்டுக்கொண்டால்?” என்று இன்னொருவர் மடக்குவார். அந்தக் கேள்வியும் பயிற்சிதான்.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 2023இல் மத்திய அரசு பணியாளர்களுக்கு ‘போஷண் பீ, படாயீ பீ’ (ஊட்டச்சத்தும் கல்வியும்) பயிற்சியைக் கொண்டுவந்தது. தமிழகத்திலோ ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் ஏற்கெனவே உண்டு. இவற்றைக் குறை சொல்வது நியாயமில்லை. வளர்ச்சிக் குறைபாட்டின் அறிகுறிகளைத் துறை அறிந்தவர்தான் சொல்லித்தர வேண்டும். ஆனால் நாளைக் காலை இந்தப் பிள்ளையை என்ன செய்வது என்பது, அதே வேலையைச் செய்கிறவர்கள் கூடிப் பேசித் தெளிய வேண்டிய விஷயம்.

கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தை அவர்களிடமே விட்டுவிடலாம். கடைசி மணி என்றால் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிடுவார்கள். என்ன பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மேற்பார்வையாளர் நோட்டை மூடிவைத்துக் கேட்கட்டும். அங்கே மனம்விட்டுச் சொன்ன குறை மெமோவாகத் திரும்பி வரக் கூடாது. உதவியாளர்களையும் அழைத்துப் பயணப்படி தர வேண்டியது துறையின் கடமை. குறைந்த ஊதியத்துக்கு உழைப்பவர்கள்மீது இதை இன்னொரு சுமையாக ஏற்றாமல், பதிவேடுகளில் ஒன்றிரண்டைக் குறைக்க வேண்டும். சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்கலாம். சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும் இடம்தானே என்ற எண்ணத்தைப் பெற்றோரும் ஊராட்சி மன்றமும் விட்டொழித்து, வருடத்தில் ஒருமுறையாவது அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார வேண்டும்.

மாவட்டத் திட்ட அலுவலர்கள் அடுத்த மாதமே ஆளுக்கொரு வட்டாரத்தில் தொடங்கிப் பார்க்கட்டும்.