இரவல் சொற்கள்

மனப்பாடமாய்ச் சொல்லும் செபம் உயிரற்றது, சொந்தச் சொற்களில் மன்றாடுவதே மெய்யானது என்றொரு கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

செபிக்கக் கற்றுத்தரும்படி சீடர்களுள் ஒருவர் கேட்டபோது இயேசு முதலில் அளித்தது ஒரு சிறு செபத்தையே (லூக்கா 11). 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' செபங்களையும் சமயக் கோட்பாட்டையும் தமிழில் கற்பிக்க எழுந்த நூல். கற்றல் இரவல் சொற்களில்தான் தொடங்குகிறது. கவிதைக்கும் இதுவே வழி.

சொந்தச் சொற்கள் மட்டுமே எனில், செபம் விரைவில் வேண்டுதல் பட்டியலாய்ச் சுருங்கிவிடும். திருப்பாடல்களோ நாம் சொல்லத் துணியாதவற்றையும் சொல்லவைக்கின்றன. 88ஆம் திருப்பாடல் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. கடவுளிடமே கடவுளைப் பற்றி முறையிடலாம் என்பதைத் துயருற்றவன் அங்குதான் கற்கிறான். அந்தத் துணிவைத் தராத செபம், எத்துணை சரளமாயினும், வெறும் உபசாரமே.