உடம்பைக் கண்டு வெட்கமா?

மனித உடம்பை எதிரே நிறுத்தி மாணவர்கள் வரைவது ஆபாசம் என்று சொல்லும் பெரியவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் தெருவெல்லாம் சர்க்கரை வழங்குகிறீர்களே, முதல் வருஷம் அவள் அங்கே என்ன செய்யப் போகிறாள்? பிணத்தை அறுக்கப் போகிறாள். அதே மகள் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, உயிருள்ள உடம்பைப் பார்த்து வரைந்தால் மட்டும் குலப் பெருமை கெட்டுவிடுமோ?

பிணத்தைத் தொடுவதும் ஒரு காலத்தில் பாவமாகத்தான் இருந்தது. 1836-இல் கல்கத்தாவில் பண்டித மதுசூதன் குப்தா சவத்தின்மேல் கத்தி வைத்தார். அதன் பயனைத்தான் இன்று வீட்டுக்கு வீடு அனுபவிக்கிறோம்.

ஓவியனுக்கும் இந்தப் படிப்பு வேண்டும். ஒரு காலில் பாரம் விழுந்தால் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், தோள் இறங்கும், நடுவே முதுகெலும்பு வளைந்து கொடுக்கும். இதைப் படிக்க ஒரு நிமிஷம் போதும். கைக்கு வர, நூறு உடம்புகளையாவது பார்த்து வரைந்தாக வேண்டும். சென்னைக் கலைப் பள்ளிக்கு 1929-இல் தலைமை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறையைப் புரட்டும் அந்த நால்வரின் முதுகைப் பாருங்கள். மனிதனைப் பார்த்துப் பழகாத கை அப்படி ஒரு முதுகைச் செய்துவிடுமா?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம், சாமைக் கட்டைத் தலையில் சுமந்து மேடேறிய ஒரு மலையாளிப் பெண்மணியைப் பார்த்தேன். கழுத்து அசையவில்லை, இடுப்பும் முழங்காலும் பாரத்தைப் பங்கு போட்டுக் கொண்டன. உடற்கூறு முழுவதும் அந்த ஏற்றத்தில் இருந்தது. காரில் வந்த கனவான் ஒருவர், கேளாமல் கொள்ளாமல் அவளைப் படம் பிடித்துக்கொண்டு போனார். ஆபாசம் அதுதான் ஐயா! சம்மதம் கேட்டு, கூலி கொடுத்து, எதிரே உட்கார்ந்து வரைவது வித்தை.

2017-இல் கோவா திரைப்பட விழாவுக்குத் தேர்வான 'நியூட்' என்ற மராத்திப் படத்தை மத்திய அமைச்சகம் பட்டியலிலிருந்து நீக்கியது. மகனைப் படிக்கவைக்க ஓவியப் பள்ளியில் மாடலாக நிற்கும் ஒரு தாயின் கதை அது. அவள் உழைப்பைத் திரையில் பார்க்கக்கூட நமக்குத் துணிவில்லை!

அசையாமல் நிற்பதும் உழைப்பே. சந்தேகமுள்ளவர்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கையைத் தூக்கியபடி இருபது நிமிஷம் நின்று பார்க்கட்டும். கால் மரத்துப் போன பிறகாவது, அந்தத் தாய்க்கு நல்ல கூலியும், மறைவான அறையும், நடுநடுவே ஓய்வும் தரவேண்டும் என்று வாய் திறப்பார்கள்.