கைவிடாத நாயகர்களும் ஆறு மாத மாத்திரைகளும்

நுரையீரல் நோய்ப் பிரிவில் பதின்வயதுப் பிள்ளைகள் சேர்க்கப்படும்போது பெற்றோர் பெரும்பாலும் முன்வைக்கும் முறையீடு ஒன்று உண்டு. "எந்நேரமும் செல்போனில் ஜப்பான் கார்ட்டூன்தான் டாக்டர், நீங்கள் சொன்னாலாவது கேட்பான்" என்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து நேராக வார்டுக்கு வரும் தந்தையும், ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உள்ள வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே அலையும் தாயும் இவ்வாறு சலித்துக்கொள்வது இயல்பே. ஆயினும் அப்பிள்ளையைக் கண்டிக்கும் பொறுப்பை நான் ஏற்பதில்லை. எந்தத் தொடரைப் பார்க்கிறாய் என்று கேட்பேன். அதனையொத்த வேறு சிலவற்றையும் பரிந்துரைப்பேன். அதற்கான காரணத்தைப் பெற்றோர் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அனிமே எனப்படும் இந்த ஜப்பானிய அசைவோவியத் தொடர்கள் இன்று நம் வீடுகளுக்கு அந்நியமானவை அல்ல. நருடோ தொடர் 2022-ஆம் ஆண்டு சோனி யே தொலைக்காட்சி வழியாகத் தமிழ் பேசத் தொடங்கியது. டெமன் ஸ்லேயர் தொடரின் இன்ஃபினிட்டி காசில் திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலுடனும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. இவற்றின் நாயகர்கள் பெரும்பாலும் எளியவர்கள், தோற்பவர்கள், தோற்ற பின்னும் மீண்டும் எழுபவர்கள். பிள்ளைகளை ஈர்ப்பது அந்தக் குணமே.

நுரையீரல் மருத்துவனாகிய எனக்கும் அந்தக் குணம் தேவைப்படுகிறது. காசநோயை எடுத்துக்கொள்வோம். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண காசநோய்க்குச் சிகிச்சைக் காலம் ஆறு மாதங்கள். முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள்; அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகள். பலருக்கு முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் தணிகிறது, இருமல் குறைகிறது, பசி திரும்புகிறது. ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான். 'எனக்குத்தான் சரியாகிவிட்டதே' என்று மூன்றாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. கிருமி முற்றிலும் அழியாத நிலையில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். அம்மருந்துகளுக்கே கட்டுப்படாத வகையாகவும் மாறக்கூடும். ஆகவே எங்கள் நோயாளிக்குத் தேவைப்படும் துணிவு ஒருநாள் போர்முழக்கத்தில் இல்லை. நலமாக உணரும் நூறாவது நாளிலும் மாத்திரையை எடுத்து விழுங்கும் பொறுமையில் இருக்கிறது.

சிறந்த அனிமே தொடர்கள் கற்பிப்பதும் இந்தப் பொறுமையையே என்பது என் கருத்து. பெற்றோர் கண்ணில் படுவது வாளும் நெருப்பும்தான். ஆனால் நாயகன் காயப்பட்டுப் படுத்திருக்கும் பகுதிகளைக் கவனித்துப் பாருங்கள். அங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது. நான் ஒரு தொடரைப் பரிந்துரைக்கலாமா என்று முடிவு செய்வதும் அப்பகுதிகளைக் கொண்டே.

முதலில் டெமன் ஸ்லேயர். 2019-இல் வெளிவந்த இதன் முதல் பருவம் 26 பகுதிகளைக் கொண்டது. கடும் சண்டை ஒன்றில் காயமுற்ற டான்ஜிரோ, வண்ணத்துப்பூச்சி மாளிகை என்ற சிகிச்சை இல்லத்தில் தங்கவைக்கப்படுகிறான். அங்கே அவனுக்கு அளிக்கப்படுவது ஏறத்தாழ நாம் இங்கே அளிக்கும் மறுவாழ்வுப் பயிற்சியே. தசைகளை இளக்குதல், அனிச்சைச் செயல்களைக் கூர்மையாக்குதல், ஓடிப் பிடித்தல் என அப்பயிற்சி அமைகிறது. நாள்தோறும் ஒரு பெண்ணிடம் தோற்கிறான். உடன் வந்த இருவரும் மனம் சோர்ந்து ஒதுங்கிவிட, அவன் மட்டும் மறுநாளும் வருகிறான். சுரைக்குடுக்கைக்குள் ஊதி ஊதி மூச்சைப் பெருக்குகிறான். உறக்கத்தில் அவன் மூச்சுப் பயிற்சி தளர்ந்தால் தட்டி எழுப்புவதற்கு மூன்று சிறுமிகள் உடன் விழித்திருக்கிறார்கள். மார்பில் நீர் கோத்துக் குழாய் பொருத்தப்பட்ட பிள்ளைகளிடம் மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுக்கும்போது நான் இக்காட்சியை நினைவூட்டுவதுண்டு. ஒரே வேறுபாடு, அவன் ஊதுகிறான். நீங்கள் மெல்ல உள்ளிழுக்க வேண்டும். இரண்டு பந்துகளே எழும்பினாலும் மறுபடியும் முயல வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

அடுத்து நருடோ. மாய வித்தை எதுவும் கைவராத ராக் லீ, உடற்பயிற்சி ஒன்றையே நம்பி வளர்ந்தவன். ஒரு போட்டியில் அவன் கையும் காலும் நொறுங்குகின்றன. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து இறங்கி, எவருமறியாமல் தண்டால் எடுத்து, மயங்கி விழுகிறான். இக்காட்சியைப் பிள்ளைகள் வீரம் என்று கொள்ளலாகாது. ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதியே. பின்னர், வெற்றி பாதி தோல்வி பாதி என்ற நிலையிலுள்ள அறுவை சிகிச்சைக்கு உடன்படலாமா என்று அவன் அஞ்சுகிறான். அவன் அழுவதையும், ஆசானிடம் மனம் திறந்து பேசுவதையும், அதன் பின்னரே முடிவெடுப்பதையும் கதை மறைக்காமல் காட்டுகிறது. அச்சத்தைச் சொல்வது கோழைத்தனம் அன்று என்பதை ஒரு பிள்ளை இதைவிட எளிதாக எங்கே கற்கும்?

மை ஹீரோ அகாடமியா தொடரின் இசுகு மிடோரியாவுக்குத் தன் உடல் தாங்காத அளவு ஆற்றல் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் எலும்பு முறிகிறது. இன்னும் சில முறை இப்படி நேர்ந்தால் கைகள் செயலிழந்துவிடும் என்று மருத்துவர் எச்சரிக்கிறார். அவன் அந்த எச்சரிக்கையை ஏற்று, கைகளுக்குப் பதிலாகக் கால்களால் போரிடக் கற்கிறான். குறிக்கோளைக் கைவிடவில்லை, வழியை மாற்றிக்கொள்கிறான். முன்போல் கிரிக்கெட் ஆட முடியாத ஆஸ்துமா நோயாளியிடமும் நான் இதையே கூறுவேன்: மருத்துவரிடம் பேசி, இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்தி, ஆட்டத்துக்குப் புதிய வழி காண்போம்.

சற்று வளர்ந்தவர்களுக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட். 2009-இல் தொடங்கிய இது 64 பகுதிகளில் முழுமையாக நிறைவுபெறுகிறது. கையும் காலும் இழந்த எட்வர்டு, உலோக உறுப்புகளைப் பொருத்திக்கொண்டு கடும் மறுவாழ்வுப் பயிற்சி பெறுகிறான். அவனுக்கு உறுப்புகளைச் செய்து தருபவர்கள் ஒரு முதியவளும் அவளுடைய பேத்தியும். அவர்களின்றி அவன் ஓர் அடி எடுத்துவைக்க இயலாது.

இந்நான்கு கதைகளிலும் தனியே நின்று வென்ற நாயகன் எவனும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நால்வகையையும் சேர்த்தே மருத்துவம் என்கிறது. நம் சென்னை இதற்கு வரலாற்றுச் சான்றும் தந்திருக்கிறது. சேத்துப்பட்டில் 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும் வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டது. வசதி குறைந்த வீடுகளில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர் என்ற அதன் முடிவு 1959-இல் வெளியாகி, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியமைத்தது. நெருக்கடியான வீட்டிலும் மருந்து தவறாமல் உட்கொள்ளப்பட்டதே அதன் அடிப்படை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'போராடினால் வெல்லலாம்' என்ற சொல்லை நோயாளியின் மீது சுமையாக ஏற்றிவிடலாகாது. சிலருடைய நோய் எம் மருந்துகள் அனைத்தையும் மீறி முற்றுகிறது. அவர்கள் குறைவாக முயன்றவர்கள் அல்லர். சோர்ந்து அழும் பிள்ளையிடம் "நருடோவைப் பார், அவன் அழுகிறானா?" என்று கேட்காதீர்கள். உண்மையில் நருடோ பலமுறை அழுகிறான்.

பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டிய சில நெறிகளும் உண்டு. டெமன் ஸ்லேயரிலும் ஃபுல்மெட்டலிலும் குருதியும் மரணமும் மிகுதி. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு அவை ஏற்றவை அல்ல. பதின்வயதினருக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். உறக்கத்தை விற்றுத் தொடர் பார்க்கலாகாது. வலிப்பு நோயுள்ள பிள்ளைகள், பார்ப்பதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறி ஒளிர்ந்ததால், 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். விளக்கை எரியவிட்டு, திரையிலிருந்து விலகி அமர்ந்து பார்ப்பது எவருக்கும் நல்லது. வார்டில் பார்ப்பவர்கள், பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் உறக்கத்தை எண்ணி இயர்போன் அணிய வேண்டுகிறேன்.

நிறைவாக, காசநோய்ச் சிகிச்சையில் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் நாள் தவறாமை என்பதை எந்த அரசும் வழங்க இயலாது. அது வீட்டில்தான் உருவாக வேண்டும். வழக்கமான ஆறு மாதச் சிகிச்சை 168 நாள்களுக்குரியது. நருடோவின் முதல் தொடரோ 220 பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்கு உட்பட்டது. அன்றைய மாத்திரையை விழுங்கிய பின்னரே அன்றைய பகுதி என்று வீட்டில் ஒரு விதி வையுங்கள். இயன்ற நாள்களில் நீங்களும் அருகில் அமர்ந்து பாருங்கள். மருத்துவர் காலத்தை நீட்டிக்காத வரை, தொடர் முடியும் முன்பே சிகிச்சை முடிந்திருக்கும்.