ஏற்றத்துக்கு மோட்டார், இறக்கத்துக்கு எது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தமல்பைஸ் என்று ஒரு மலை இருக்கிறது. அந்த மலைப் பக்கத்து வாலிபர்கள் சிலர், 1970-களில் ஒரு வேடிக்கை செய்தார்கள்.

30, 40 ஆண்டுகளுக்கு முன் செய்த பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். எல்லாம் கனமான சைக்கிள்கள். அவற்றை வண்டியில் ஏற்றி, மலை மேல் கொண்டு போனார்கள். பிறகு கல்லும் மண்ணுமான பாதையில் தலை தெறிக்க இறங்கினார்கள்.

1976-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, அதை ஒரு போட்டியாகவே நடத்தினார்கள். பாதையின் நீளம் சுமார் 2 மைல். அதற்குள் 1,300 அடி இறக்கம்!

பின் சக்கரத்தின் நடுவில் இருந்த பிரேக் சூடேறிப் புகைந்தது. உள்ளே இருந்த கிரீஸ் உருகி ஆவியாய்ப் போயிற்று. ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பாதைக்கே "ரீபேக்" என்று பெயர் வந்துவிட்டது. "மறுபடியும் அடைப்பது" என்று அதற்குப் பொருள்.

இன்று உலகம் முழுவதும் ஓடுகிற மலைச் சைக்கிள், இந்த விளையாட்டில் வளர்ந்த பிள்ளைதான்.

அந்த வாலிபர்களுக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, மலை ஏறுவதற்கு வண்டி வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு வாங்கத் தள்ள வேண்டும். மற்றொன்று, இறங்கும்போது எலும்பெல்லாம் குலுங்கும். ஸ்பிரிங் இல்லாத கட்டை வண்டியில் மேடு பள்ளம் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

இறக்கத்துக் குறைதான் முதலில் தீர்ந்தது. பால் டர்னர் என்பவர் 1989-ல் "ராக் ஷாக்ஸ்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற ஷாக் அப்சார்பரை, சைக்கிளின் முன் போர்க்கில் வைத்தார். அந்த முதல் போர்க் 2 அங்குலம்கூட அமுங்காது. இன்றைய போர்க்குகள் 6 அங்குலம் வரைகூட அமுங்குகின்றன. அதற்கு மேல் அமுங்குவதும் உண்டு.

ஏற்றத்துக் குறை பிறகு தீர்ந்தது. 1993-ல் ஜப்பானின் யமஹா கம்பெனி, மின்சார மோட்டார் வைத்த சைக்கிளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது ஊருக்குள் ஓட்டும் சைக்கிள். காலால் மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். காலை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். பிறகு ஜெர்மனியின் போஷ், ஜப்பானின் ஷிமானோ முதலிய கம்பெனிகளும் இந்தத் தொழிலில் இறங்கின. மோட்டார் மலைச் சைக்கிளுக்கும் வந்தது. 2019-ல் கனடாவில் இதற்கென்று உலக சாம்பியன் போட்டியே நடந்தது. ஆண்கள் பட்டத்தைத் தென் ஆப்பிரிக்காவின் ஆலன் ஹேதர்லி வென்றார். பெண்கள் பட்டம் சுவிட்சர்லாந்தின் நதாலி ஷ்நைட்டருக்குக் கிடைத்தது.

"மோட்டார் வைத்து மலை ஏறுவது ஒரு வீரமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வீரம் கிடக்கட்டும். முழங்கால் வலிக்கிற 65 வயதுப் பெரியவர், தம் பேரனோடு ஆல்ப்ஸ் மலைப் பாதையில் சேர்ந்து ஏற முடிகிறதே, அது பெரிய காரியம் அல்லவா? கணவன் முன்னால் போய், மேட்டில் நின்று, மனைவிக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கமும் ஒழிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே மின்சாரச் சைக்கிளை வரவேற்கலாம்.

ஆனால், வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்? இங்கேதான் நமக்கு வருத்தம்.

எந்த மோட்டார்? எந்த பேட்டரி?

கடையில் முதலில் காட்டுவது மோட்டாரை. மோட்டாரின் திருகு பலத்தை "நியூட்டன் மீட்டர்" என்ற கணக்கில் சொல்கிறார்கள். 2020-ல் வந்த ஷிமானோ மோட்டாருக்கு 85. சீனாவின் டி.ஜே.ஐ. கம்பெனி 2024-ல் கொண்டுவந்த மோட்டாருக்கு 105. ஜெர்மனியின் டி.கியூ. கம்பெனி 2022-ல் கொண்டுவந்த சிறிய மோட்டாருக்கு 50 மட்டுமே.

105 பெரிது, ஆகவே அதுதான் நல்லது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. 50 உள்ள மோட்டாரின் எடை 2 கிலோவுக்கும் குறைவு. அதை வைத்த சைக்கிள், சாதாரணச் சைக்கிள் போலவே வளைந்து கொடுக்கும். தூக்கி ஒரு வேலியைத் தாண்டலாம். தினமும் சைக்கிள் விடுகிற, காலில் பலம் உள்ள வாலிபருக்கு அது போதும். செங்குத்தான மலையில் வசிப்பவருக்கும், உடல் பாரம் உள்ளவருக்கும், வயதானவருக்கும் பெரிய மோட்டார் வேண்டும். பெரிய மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் 22 கிலோ முதல் 25 கிலோ வரை இருக்கும்.

அடுத்தது பேட்டரி. இதை "வாட்-மணி" என்று அளக்கிறார்கள். நம் வீட்டு மின்சார மீட்டரில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆகவே, 750 வாட்-மணி பேட்டரி என்றால் முக்கால் யூனிட். அவ்வளவுதான்!

அந்த முக்கால் யூனிட் என்ன செய்யும்? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரத்தை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, கணக்குப்படி சுமார் 270 வாட்-மணி வேண்டும். பாதை உரசலிலும், மோட்டார் சூட்டிலும் கொஞ்சம் வீணாகும். அதில் ஒரு பங்கை உங்கள் கால் கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் 1,000 மீட்டர் ஏறி இறங்கும் குடும்பத்துக்கு 500 வாட்-மணி பேட்டரியே தாராளம். 750-ஐ வாங்கினால், 4 கிலோவுக்கு மேற்பட்ட பேட்டரியைச் சுமந்து போய், பாதி மிச்சத்தோடு வீடு திரும்பலாம்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் மணிக்கு 25 கிலோ மீட்டருக்கு மேல் மோட்டார் உதவக்கூடாது என்பது சட்டம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் முதல் வகைச் சைக்கிளுக்கு 20 மைல், அதாவது 32 கிலோ மீட்டர். சிலர் இந்தப் பூட்டைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள். சட்டமும் போயிற்று, கம்பெனியின் உத்தரவாதமும் போயிற்று. மலை ஏறும்போது 25-ஐ யார் தொடுகிறார்கள்? வீண் வேலை.

இறக்கத்தில் மோட்டார் உதவாது

மலை உச்சிக்குப் போய்விட்டீர்கள். இனி இறங்க வேண்டும். 25 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டியதும் மோட்டார் ஓய்வு எடுத்துக்கொள்கிறது. இப்போது அது வெறும் பாரம். பேட்டரியும் பாரம். சாதாரண மலைச் சைக்கிளைவிட 8 முதல் 10 கிலோ கூடுதலான பாரம், கல்லும் வேரும் நிறைந்த பாதையில், பூமியின் இழுப்பில் உருண்டு வருகிறது.

அப்போது உங்களைக் காப்பாற்றுபவை மூன்று. டயர், பிரேக், ஷாக் அப்சார்பர்.

இந்த மூன்றின் பெயரும் விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மோட்டார் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்! ஒரே விலையில் இரண்டு வண்டிகள் இருந்தால், மோட்டாருக்குப் பணத்தைக் கொட்டிய கம்பெனி, போர்க்கில் கையைக் கட்டியிருக்கும். 85 மோட்டாரும் நல்ல போர்க்கும் உள்ள வண்டி, 105 மோட்டாரும் மட்டமான போர்க்கும் உள்ள வண்டியைவிட மேலானது என்பது நம் கருத்து.

ஷாக் அப்சார்பர் இறக்கத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஏற்றத்தில் பின் சக்கரம் கல்லில் துள்ளினால், அந்த நேரம் சக்கரம் தரையில் இல்லை. மோட்டாரின் பலம் காற்றில் சுற்றுகிறது. பின் ஷாக் அப்சார்பர் சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைக்கிறது.

அதற்காக எல்லோரும் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உள்ள வண்டியை வாங்க வேண்டியதில்லை. காட்டு ரோட்டில், மண் பாதையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முன் போர்க் மட்டும் உள்ள வண்டி போதும். விலை குறைவு. பழுதும் குறைவு.

கையில் உள்ளதைச் சரி செய்யுங்கள்

"என் போர்க் மோசம். புதுசு மாற்றப் போகிறேன்" என்று சொல்கிறவர்கள் நிறைய. நல்ல போர்க் ஒன்று ஆயிரம் யூரோவுக்கு மேலும் விற்கிறது. அந்தப் பணத்தை எடுப்பதற்கு முன், ஒரு கேள்வி: போர்க்குக்குள் காற்று எவ்வளவு இருக்கிறது?

பெரும்பாலோருக்குத் தெரியாது. கடையில் இருந்து வந்தபடியே இருக்கும். 55 கிலோ பெண்ணுக்கும், 95 கிலோ ஆணுக்கும் ஒரே காற்று! பிறகு வண்டியைத் திட்டி என்ன பயன்?

இன்றைய போர்க்குகளில் பலவற்றில் இரும்பு ஸ்பிரிங் இல்லை. காற்றுதான் ஸ்பிரிங். இதற்கென்று ஒரு சின்னக் கைப் பம்ப் இருக்கிறது. அதில் முள் காட்டும் கடிகாரம் உண்டு. 40, 50 யூரோவுக்குள் கிடைக்கும். டயருக்கு அடிக்கும் பம்ப்பால் இதைச் செய்ய முடியாது.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால், கயிறு கொஞ்சம் தாழ்கிறது அல்லவா? அதுபோல, ஆள் ஏறி உட்கார்ந்ததும் போர்க் கொஞ்சம் தாழ வேண்டும். மொத்தம் 150 மில்லி மீட்டர் அமுங்கும் போர்க் என்றால், சுமார் 30 மில்லி மீட்டர் தாழ வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு. பின் ஷாக் அப்சார்பர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக, பத்தில் மூன்று பங்கு வரை தாழலாம். குழாயில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். அதைக் கீழே தள்ளிவிட்டு, வழக்கமான சட்டை, செருப்பு, முதுகுப் பையோடு மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கிப் பாருங்கள். வளையம் நகர்ந்த தூரம்தான் கணக்கு. அதிகம் தாழ்ந்தால் காற்று அடியுங்கள். குறைவாகத் தாழ்ந்தால் காற்றை விடுங்கள். பத்து நிமிட வேலை.

போர்க்கின் அடியில் ஒரு சிவப்புத் திருகு இருக்கும். அமுங்கிய போர்க் எவ்வளவு வேகமாக மேலே வர வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. மிக வேகமாக வந்தால் குதிரை போலத் துள்ளும். மிக மெதுவாக வந்தால், அடுத்த கல் வருவதற்குள் எழுந்திருக்காது. அடுத்தடுத்த கல்லில் தாழ்ந்துகொண்டே போகும். ஒரே மேட்டில் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கி, ஒவ்வொரு புள்ளியாகத் திருகிப் பார்த்தால் கைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது ஓவராயில். பல போர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க் குழாய்களைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. வாரம் 4 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 50 மணி என்பது மூன்றே மாதம். மோட்டார் இருப்பதால் களைப்பு இல்லை. ஆகவே முன்னைவிட அதிகம் ஓட்டுகிறார்கள். ஓவராயில் மட்டும் மறந்துபோகிறது. மண்ணும் உலர்ந்த எண்ணெயும் சேர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும். "போர்க் மோசம்" என்ற புகாரில் பாதி இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. கயிறு தளர்ந்துவிட்டது என்று யாராவது கட்டிலையே தூக்கி எறிவார்களா?

இவ்வளவும் செய்த பிறகும் போர்க் அடிவரை இடித்தால், அல்லது பிரேக் பிடிக்கும்போது குழாய்கள் முறுக்கிக்கொண்டால், மாற்றுங்கள். அப்போது பாருங்கள், குழாயின் தடிமனை. 2020-ல் ராக் ஷாக்ஸ், பாக்ஸ் என்ற இரண்டு கம்பெனிகளும் 38 மில்லி மீட்டர் குழாய் உள்ள போர்க்கைக் கொண்டுவந்தன. அதுவரை இந்த வகையில் 35, 36-தான். கனமான மின்சாரச் சைக்கிளுக்குத் தடித்த குழாய் நல்லது. மின்சாரச் சைக்கிளுக்கு ஏற்றது என்று கம்பெனி சொல்கிற போர்க்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆசைப்பட்டு நீளமான போர்க்கை மாட்டிவிடாதீர்கள். 10 மில்லி மீட்டர் கூடினால் வண்டியின் முன் பக்கம் எழும்பி, ஹேண்டில் பார் கோணம் சுமார் அரை டிகிரி சாய்கிறது. அது பரவாயில்லை. அதற்கு மேல் போனால், செங்குத்தான ஏற்றத்தில் முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். பிரேமின் கழுத்தில் பலம் கூடி விழும். எத்தனை மில்லி மீட்டர் வரை மாட்டலாம் என்பதற்குப் பிரேம் செய்த கம்பெனியே ஒரு வரம்பு வைத்திருக்கும். அதைத் தாண்டினால் உத்தரவாதம் இல்லை. சக்கரத்தின் அளவு, அச்சின் அகலம், கழுத்துக் குழாயின் அளவு மூன்றும் பொருந்துகிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாயிரம் யூரோவுக்கு மேல் விலையுள்ள வண்டிகளும் விற்கிறீர்கள். வாங்குகிறவரை ஒரு தராசில் நிறுத்தி, அவர் எடைக்கு ஏற்பக் காற்று அடித்து, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? மோட்டாருக்கும் பேட்டரிக்கும் புத்தகம் கொடுக்கிறீர்கள். அந்தச் சின்னப் பம்ப்பையும் விலையோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.