சொந்த வீடு இருக்கா?

எனக்குப் பெண் பார்த்தபோது வருங்கால மாமனார் கேட்ட முதல் கேள்வி இதுதான். சம்பளம், குணம் எல்லாம் அப்புறம். 'லோன் போட்டிருக்கேன் சார்' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதை நிஜமாக்கப் பதினைந்து வருஷம் தவணை கட்டினேன்.

இதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய இன்னொரு ஜீவன் ஆப்பிரிக்காவில், டாங்கனிக்கா ஏரியில் இருக்கிறது. 1,470 மீட்டர் ஆழம் போகிற ஏரி. அதன் கரையோரத்தில் வாழும் சிக்லிட் மீன்களில் ஒன்றின் பெயர், லாம்ப்ரோலோகஸ் கலிப்டெரஸ். (வாய் சுளுக்கினால் நான் பொறுப்பல்ல. 1906-லேயே வைத்துவிட்டார்கள்.)

இந்த ஜாதியில் பெண், காலி நத்தைக்கூட்டுக்குள்தான் முட்டையிடும். ஆகவே மாப்பிள்ளை முதலில் வீடு சேர்க்க வேண்டும். ஏரித் தரையில் கிடக்கும் கூடுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வந்து குவிக்கிறார். போதவில்லையா? பக்கத்து வீட்டுக்காரரிடம் திருட்டு. சில சமயம் உள்ளே அவருடைய சம்சாரம் இருக்கும்போதே!

வீட்டைத் தூக்கத் தெம்பு வேண்டும், அதனால் ஆண் பெரிசு. வீட்டுக்குள் நுழைய வேண்டும், அதனால் பெண் சிறிசு. சராசரியாகப் பெண்ணைப்போல் ஆண் 12 மடங்கு எடை!

விளைவு? பாடுபட்டுச் சேர்த்த வீட்டுக்குள் ஐயாவால் நுழைய முடியாது. அம்மா உள்ளே முட்டை, குஞ்சு என்று ஏறக்குறைய இரண்டு வாரம் குடித்தனம். ஐயா வாசலில் கூர்க்கா.

அதிலும் ஒரு வில்லன். இதே இனத்தில் குள்ள ஆண்கள் உண்டு. பெரியவர் எடையில் நாற்பதில் ஒரு பங்குகூடத் தேறாத ஆசாமிகள். ஒரு கூட்டைக்கூடத் தூக்கியதில்லை. ஐயா அசந்த நேரம் உள்ளே நுழைந்து, அம்மாவையும் தாண்டி, கூட்டின் நுனியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பிறக்கிற குஞ்சுகளில் சில இவர்கள் கணக்கு. குள்ளமும் அப்பன் வழிச் சொத்தாகப் பிள்ளைக்குப் போகிறது.

என் கடைசித் தவணை போன மாசம் முடிந்தது. காலை ஏழேகாலுக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புகிறவனுக்கு, சொந்த வீட்டின் ஹால் மத்தியானத்தில் எப்படியிருக்கும் என்றே தெரியாது.

ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் உள்ளே டி.வி. பார்க்க, பழக்க தோஷத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அங்கே என்ன பண்றீங்க? உள்ளே வாங்களேன்" என்றாள் மனைவி.

போனேன். பாவம், அந்த மீனை யாரும் அப்படிக் கூப்பிட முடியாது.