பேசாத பிள்ளைக்கு நெஞ்செரிந்தால்…

மடுல்சீமையிலிருந்து பசறைக்கு வரும் பஸ்ஸில் ஒரு தோட்டத்துத் தாயையும் அவரது ஆறு வயது மகனையும் அடிக்கடி காண்கிறேன். பிள்ளைக்கு ஓட்டிசம். பேச்சு வரவில்லை. பஸ் நிற்கும்போதும் முன் ஆசனத்துக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு கத்துவான். கழுத்தைப் பின்னால் வளைப்பான். சட்டைக் கொலரை ஓயாமல் சப்புவான்.

“செல்லம் கொடுத்துக் கெடுத்தது” என்பார் ஒருவர். “ஜின்னாக இருக்கும், ஓதிப் பாருங்கள்” என்பார் நம்மவர் ஒருவர். ஓதுவதை நான் மறுக்கவில்லை; நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் நம் மார்க்கம்தானே. ஆனால், “ஓட்டிசம் என்றால் அப்படித்தான்” என்று படித்தவர்கள் சொல்வதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. அது அறிவான பதில்போல் இருப்பதால், அதற்கு மேல் எவரும் தேடுவதில்லை.

இரைப்பையிலுள்ள அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறினால் நெஞ்சு எரியும். படுத்தால் இன்னும் கூடும். நாம் என்றால் “உம்மா, நெஞ்செரியுது” என்போம். அவன் என்ன செய்வான்?

2010இல் அமெரிக்காவின் ‘பீடியட்ரிக்ஸ்’ மருத்துவ சஞ்சிகையில் நிபுணர்கள் ஓர் கூட்டறிக்கை வெளியிட்டனர். இத்தகைய பிள்ளைகள் கழுத்தை வளைப்பதும், வயிற்றை அழுத்துவதும், அடிக்கடி விழுங்குவதும், உடையைச் சப்புவதும், தம்மைத் தாமே அடித்துக்கொள்வதும் வயிற்று நோவின் அடையாளமாக இருக்கலாம் என்றனர். பல ஆய்வுகளைத் திரட்டி 2014இல் அதே சஞ்சிகையில் வந்த கட்டுரையின்படி, ஓட்டிசமுள்ள பிள்ளைகளுக்குச் சமிபாட்டுத் தொல்லை ஏற்படும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 4 மடங்கு. மலச்சிக்கலுக்கு 3 மடங்குக்கும் மேல். ஒரே வகை உணவையே பிடிவாதமாகத் தின்பதும் மலச்சிக்கலுக்கு ஒரு காரணமாகலாம்.

எல்லா அழுகையும் வயிற்றால் வருவதல்ல. காதுவலி, பல்வலியாகவும் இருக்கலாம். நெஞ்செரிவுக்கு மருந்து கொடுத்தால் ஓட்டிசம் மாறிவிடாது. பிள்ளையின் நோவு குறையும். அது போதாதா?

கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஓட்டிசமே குணமாகும் என்று சொல்லித் திரிபவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் போதிய சான்று கிடையாது. காலையில் ரொட்டி சுட்டுவிட்டு மலைக்கு ஏறும் தாயிடம் கோதுமை மாவை நிறுத்து என்றால், பிள்ளைக்கு எதைக் கொடுப்பாள்?

பசறைக்குப் போய், அங்கிருந்து பதுளை வைத்தியசாலைக்குப் போவதென்றால் அவளுக்கு ஒரு நாள் பேர் இல்லை. அப்படிப் போகிற நாளில் சில நிமிடங்களே வைத்தியரைக் காணலாம். படுக்கவைத்த பின் அழுகிறானா, எதைத் தின்ற பின் அழுகிறான், எத்தனை நாளைக்கு ஒருமுறை மலம் கழிக்கிறான், இரவில் எத்தனை தடவை எழும்புகிறான்: இவை ஒரு கொப்பியில் இருந்தால் வைத்தியரும் “அப்படித்தான்” என்று அனுப்பிவிட முடியாது, வயிற்றைத் தொட்டுப் பார்த்தே ஆகவேண்டும். தாய்க்கு எழுத வராவிட்டால் என்ன? பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருக்கும் எங்கள் பையில் பேனை இருக்கிறது.