நிற்காத ரயிலுக்கு நம்ம கழனியா?

   

2026 பிப்ரவரி 1-ந் தேதி மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 7 அதிவேக ரயில் பாதைகளை அறிவித்தார். அதில் ஒன்று சென்னை – பெங்களூரு. இன்னொன்று ஐதராபாத் – சென்னை. சென்னை இனி உலகத் தரத்தில் பெரிய ரயில் மையம் ஆகிவிடும் என்கிறார்கள். "நம்ம பக்கம் புல்லட் ரயில் வருதாம்" என்று டீக்கடையில் சந்தோஷமாகப் பேசுகிறார்கள் நம்ம ஜனங்கள்.

ரயில் வருதா, இல்லை நம்மைத் தாண்டிப் போகுதா? அதைத்தான் இந்தத் துண்டறிக்கையில் கேட்கிறோம்.

எங்கே நிற்கும்?

இது இன்று நேற்று கிளம்பின பேச்சு இல்லை. 2018 நவம்பரிலேயே ஜெர்மனி நாடு ஓர் ஆய்வறிக்கை கொடுத்தது. சென்னை – பெங்களூரு – மைசூரு 435 கிலோமீட்டர். மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம். மொத்தப் பயணம் 2 மணி 25 நிமிடம். செலவு சுமார் 1 லட்சம் கோடி ரூபாய்.

பிறகு 2020-ல் தேசிய அதிவேக ரயில் கழகம் திட்ட அறிக்கை தயாரிக்கக் கிளம்பியது. அப்போது சொன்ன ஸ்டேஷன்களைப் பாருங்கள்: சென்னை, பூந்தமல்லி, அரக்கோணம், சித்தூர், பங்காரப்பேட்டை, பெங்களூரு, சென்னப்பட்டணா, மாண்டியா, மைசூரு.

இதில் காட்பாடி எங்கே? வேலூர் எங்கே? குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எங்கே? அரக்கோணத்தை விட்டால் அடுத்த ஸ்டாப்பு சித்தூர். நடுவில் இருக்கிற ஊருக்கெல்லாம் தூணும் சத்தமும்தான் மிச்சம்!

2022 நவம்பர் 11-ந் தேதி சென்னை – மைசூரு வந்தே பாரத் ரயிலைக் கொடியசைத்து அனுப்பினார்கள். அது சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே காட்பாடியில் மட்டும்தான் நின்றது. ஆம்பூர்க்காரன் பிளாட்பாரத்தில் நின்று கை அசைக்கலாம், அவ்வளவுதான். அதைவிட வேகமாகப் போகிற வண்டி நமக்காக நிற்குமா? வேகம் கூடக் கூட ஸ்டாப்பு குறையும். அதுதான் அதிவேக ரயிலின் கணக்கே!

சரக்கும் ஏறாது, நம்ம வண்டியும் ஓடாது

"தோல் ஏற்றுமதிக்கு நல்லது" என்று சிலர் சொல்கிறார்கள். ஆம்பூர் ஷூ கன்டெய்னரில் ஏறி சென்னைத் துறைமுகம் போகிறது. புல்லட் ரயில் ஆளை ஏற்றும் வண்டி. கன்டெய்னரையும் ஏற்றாது, நம்ம நெல் மூட்டையையும், வேர்க்கடலை மூட்டையையும் ஏற்றாது.

இன்னொரு விஷயம். நம்ம ஊர்த் தண்டவாளத்தின் அகலம் 1,676 மில்லிமீட்டர். மும்பை – அகமதாபாத் புல்லட் ரயிலுக்குப் போடுகிற தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர். அந்தப் பாதையில் நம்ம பாசஞ்சர் ஓட முடியாது. இந்தப் பாதைக்கு அந்த வண்டி வராது. நிலம் மட்டும் நம்முடையது, பாதை வேற யாருக்கோ!

நாம் ரயிலுக்கு எதிரி இல்லை

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தென்னிந்தியாவின் முதல் ரயிலே 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. 170 வருஷமாக ரயிலோடு வாழ்கிற ஜனங்கள் நாம். நமக்கு வேண்டியது நிற்கிற ரயில்.

திண்டிவனத்திலிருந்து செய்யாறு, ஆரணி, ஆற்காடு, வாலாஜா வழியாக நகரிக்குப் புதுப்பாதை 2006-07 பட்ஜெட் காலத்தில் ஒப்புதல் ஆனது. இருபது வருஷம் ஆகப்போகிறது. பேரன் பிறந்து காலேஜுக்குப் போய்விட்டான், ரயில் மட்டும் வரவில்லை!

2025 ஏப்ரலில் திருப்பதி – பாகாலா – காட்பாடி பாதையை இரட்டை வழியாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 104 கிலோமீட்டருக்கு 1,332 கோடி ரூபாய். அதை வரவேற்கிறோம். இப்போது கணக்குப் போடுங்கள். அங்கே ஒரு கிலோமீட்டருக்கு 13 கோடிக்கும் கீழே. புல்லட் ரயிலுக்கு, அந்த 2018 அறிக்கைப்படியே, ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 230 கோடி. ஒரு கிலோமீட்டர் புல்லட் ரயில் காசில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் இரட்டைப் பாதை போடலாம். காலையில் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு ஷூ கம்பெனிக்குப் போகிற நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு எது உதவும்? நீங்களே சொல்லுங்கள்.

"தூண் மேலேதானே போகுது!"

அதிகாரிகள் இப்படித்தான் சமாதானம் சொல்வார்கள். தூணுக்குக் கீழே இருக்கிற பட்டையையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். மும்பை – அகமதாபாத் பாதையில் அந்தப் பட்டையின் அகலம் 17.5 மீட்டர். 508 கிலோமீட்டருக்கு ஸ்டேஷன், பணிமனை எல்லாம் சேர்த்து சுமார் 1,390 ஹெக்டேர் நிலம்.

ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிற சம்சாரிக்கு 17.5 மீட்டர் என்றால் என்ன? கழனி ரெண்டாகப் பிளக்கும். கிணறு ஒரு பக்கம், பயிர் ஒரு பக்கம். ஏரியிலிருந்து வருகிற கால்வாய் குறுக்கே அறுபட்டால் கீழ்மடைக்காரன் நிலத்தைக் கொடுக்காமலேயே நிலத்தை இழப்பான். அவன் பேர் எந்த நஷ்ட ஈட்டுப் பட்டியலிலும் வராது.

நாலுவழிச் சாலைக்குக் கொடுத்தோம். பெங்களூரு – சென்னை எக்ஸ்பிரஸ் சாலைக்கு, 262 கிலோமீட்டர், 2022 மே 26-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கும் ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் கொடுத்தோம். இன்னும் எத்தனை தடவை ஒரே ஜனங்கள் கொடுப்பது?

நஷ்ட ஈடு என்ற கதையை நமக்கே சொல்வதா?

"நல்ல ரேட்டு கொடுப்பாங்க" என்று புரோக்கர் வந்து பேசுவான். நஷ்ட ஈடு என்றால் என்ன என்று பாலாற்றங்கரை விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

தோல் கழிவால் கெட்ட மண்ணுக்காக 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். தோல் பட்டையில் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. 2001 மார்ச்சில் நஷ்ட ஈடு முடிவானது: 29,193 பேருக்கு 26.82 கோடி. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூடத் தேறவில்லை! பாலாற்றைச் சுத்தம் செய், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடு என்று 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு 34 வருஷம் கழித்து!

அன்றைக்கு நம்ம வாயை அடைக்கச் சொன்ன வார்த்தை "அந்நியச் செலாவணி". அந்நியச் செலாவணி கிடைக்கிறது என்பதற்காக மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கத் தோல் தொழிலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. இன்றைக்குச் சொல்கிற வார்த்தை "உலகத் தரம்". வார்த்தைதான் மாறியிருக்கு, வாய்க்கால் நம்முடையதுதான். உப்பும் குரோமியமும் ஏறாமல் தப்பித்து மிச்சமிருக்கிற நல்ல கழனியை இனி இழக்க முடியாது.

வெளிநாட்டைப் பார் என்கிறார்கள். பார்ப்போம்!

பிரான்ஸில் லீல் என்று ஒரு நகரம். பாரிஸ், லண்டன், பிரஸ்ஸல்ஸ் மூன்றுக்கும் அதிவேக ரயில் அந்த ஊர் வழியாகப் போகிறது. லீல் லாபம் அடைந்தது உண்மை. ஏன்? அந்த ஊர் மேயர் பியர் மோர்வா போராடி, பாதையை நகரத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தவைத்தார். அந்தப் பாதைக்காக ஆசைப்பட்ட அமியான் நகரம் ஏமாந்தது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு 1994-ல் கிடைத்தது வயல்காட்டு நடுவில் ஒரு ஸ்டேஷன். ஜனங்கள் அதற்கு "பீட்ரூட் ஸ்டேஷன்" என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். ஒரே பாதைதான், ஒருத்தருக்கு வாழ்வு, இன்னொருத்தருக்குக் கேலி. நமக்கோ பீட்ரூட் ஸ்டேஷன்கூட இல்லை!

நம்ம சொந்தக்காரர்கள் இருக்கிற மலேசியாவைப் பாருங்கள். கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயில், 350 கிலோமீட்டர், 2016-ல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டன. 2020 கடைசியில் ஒப்பந்தம் காலாவதி ஆனது. ஓடாத ரயிலுக்காக மலேசியா சிங்கப்பூருக்கு 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் டாலர் கட்டியது.

நம்ம நாட்டிலேயே, மும்பை – அகமதாபாத்துக்கு 2017 செப்டம்பர் 14-ல் அடிக்கல். ஜப்பான் கடன். 2022-ல் ஓடும் என்றார்கள். 2022 போனது, 2023 போனது. சூரத் – பிலிமோரா பகுதிக்கு 2027 ஆகஸ்ட் என்று புதுத் தேதி சொன்னார்கள். குஜராத்தில் ஆயிரம் விவசாயிகளுக்கு மேல் உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். 2019 செப்டம்பரில் மனுக்கள் தள்ளுபடி ஆயின. ரயில் தாமதமாகலாம். ஆனால் போன நிலம் போனதுதான்!

30 நாள்! மறக்காதீர்கள்!

2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு, ஊரில் பொது விசாரணை உண்டு. ஆனால் 1989 ரயில்வே சட்டத்தின் கீழ் எடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. 20ஏ பிரிவில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். விட்டால், அடுத்த அறிவிப்போடு நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். எட்டுவழிச் சாலை விஷயத்தில் என்ன ஆனது? 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்றது. கோர்ட்டை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாம் கேட்பது:

1. பாதை போகும் ஒவ்வொரு கிராமத்தின் சர்வே நம்பரும் அளவைக்கு முன்பே தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும்.

2. 2013 சட்டப்படி சமூகத் தாக்க ஆய்வும் பொது விசாரணையும் நடத்தாமல் ஒரு சென்ட் நிலமும் எடுக்கக் கூடாது.

3. நன்செய், ஏரி, கால்வாய், ஆயக்கட்டு மேல் பாதை போகக் கூடாது. இருக்கிற ரயில் பாதை, எக்ஸ்பிரஸ் சாலை ஓரமாக வழி பார்க்க வேண்டும்.

4. குத்தகைக்காரர், கூலித் தொழிலாளர், கால்வாய் அறுபட்டவர் எல்லோருக்கும் ஈடு வேண்டும்.

5. அரக்கோணம் – ஜோலார்பேட்டை பாசஞ்சர் ரயில்களைக் கூட்ட வேண்டும். திண்டிவனம் – நகரி பாதையை முதலில் முடிக்க வேண்டும்.

6. பாலாற்றுக்கான 2025 உச்ச நீதிமன்ற உத்தரவை முழுசாக நிறைவேற்ற வேண்டும்.

விவசாயிகளே! பட்டா, சிட்டா, அடங்கலை இன்றைக்கே எடுத்து வையுங்கள். அப்பா, தாத்தா பேரில் இருந்தால் உடனே பேர் மாற்றுங்கள். புரோக்கரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கல் நட வந்தால் தனியாகச் சண்டை போடாமல் ஊரைக் கூட்டுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22 ஆகிய கிராம சபைகளில் இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமாகப் போட்டு நகல் வாங்குங்கள். அந்தத் தாள்தான் நாளைக்கு நம்ம ஆயுதம்.

நிற்காத ரயிலுக்கு நிலம் தர மாட்டோம்!
கழனியைப் பிளக்காதே! கால்வாயை அறுக்காதே!
விவசாயி – தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கம்
வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள்